தோல் கழலை வைரஸை முழுசாகப் படியுங்கள்: கால்நடைத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மத்திய கால்நடை பராமரிப்புத் துறை, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை, கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பொறுப்பில் இருக்கும் அலுவலர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும்,

வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். மாட்டின் தோலில் கட்டி கட்டியாகக் கழலை கிளப்பும் தோல் கழலை நோய் வைரஸின் ஜீனோமை, அதாவது அதன் மரபணுக் குறிப்பு முழுவதையும் எழுத்து எழுத்தாக, நோய் கிளம்பும் ஒவ்வொரு பருவத்திலும், ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் மாதிரி எடுத்து முழுசாகப் படியுங்கள். அந்த மாட்டுக்கு என்ன ஊசி எப்போது போட்டது என்ற விவரத்தோடு சேர்த்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி சில வாரங்களுக்குள் வெளியிடுங்கள். கூடவே, நம் மாடுகளுக்குப் போடுகிற உயிருள்ள தடுப்பூசிகளின் மூல வைரஸையும் ஒவ்வொரு பேட்சையும் அதே மாதிரி படித்து வெளியிடுங்கள். கோரிக்கை இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதற்குத்தான் மீதி மடல், அது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022இல் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் மாடுகள் செத்து விழுந்ததை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நாடு முழுவதும் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட மாடுகளுக்கு நோய், ஒரு லட்சத்துக்கு மேல் சாவு, அதுவும் அரசுக் கணக்கில் ஏறியவை மட்டும். 1929இல் அன்றைய வட ரொடீசியாவில், அதாவது இன்றைய ஜாம்பியாவில், முதன்முதலாகப் பதிவான நோய் இது. அறுபது ஆண்டு ஆப்பிரிக்காவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்து, 1988இல் எகிப்துக்கு ஏறி, அடுத்த ஆண்டே இஸ்ரேலில் கால் வைத்து, 2013இல் துருக்கி, 2015இல் கிரீஸ் என்று நகர்ந்து, 2019இல் வங்கதேசத்துக்கும் ஒடிசாவுக்கும் வந்தது. 2020இல் கடல் தாண்டி யாழ்ப்பாணத்திலும் தெரிந்தது. மாடு சாவது குறைவு, பால் குறையும், தோல் கெடும், சினை கலையும் என்றுதான் பாடநூல்கள் சொல்லிவந்தன. 2022இல் அப்படி இல்லை. அப்போது மாடு வைத்திருந்த எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: போன முறை வந்த அதே வியாதியா இது, வேறா?

அந்தக் கேள்விக்குக் கொஞ்சமாவது பதில் வந்தது 2024இல். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் உத்பல் டாட்டு குழுவினர் குஜராத், ராஜஸ்தான், மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களில் நோய் கண்ட 22 மாடுகளின் வைரஸை முழுசாகப் படித்துப் பார்த்தார்கள். இரண்டு வகை சேர்ந்தே உலவியது தெரிந்தது. ஒன்று 2019 ராஞ்சி, 2020 ஹைதராபாத் மாதிரிகளுக்கு நெருக்கமானது. இன்னொன்றில் மாற்றங்கள் மிக அதிகம், அது 2015இல் ரஷ்யாவில் கண்ட திரிபுகளை ஒத்திருந்தது. அருமையான வேலை, அவர்களுக்கு நன்றி. ஆனால் இருபது லட்சம் மாடுகளில் 22, கட்டுரை வந்ததும் நோய் கிளம்பி இரண்டு ஆண்டு கழித்து. ஒரு பல்கலைக்கழகக் குழு தன் ஆர்வத்தில் செய்ததை நாட்டின் கண்காணிப்பு என்று சொல்லிவிட முடியாது, இல்லையா?

"இது டிஎன்ஏ வைரஸ்தானே, கொரோனா மாதிரி வாரத்துக்கு ஒரு வேஷம் போடாது, அவசரம் என்ன" என்ற பேச்சை நான் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். பாதி உண்மை. இதைப் போன்ற பெரிய டிஎன்ஏ வைரஸ்கள் தம்மை நகலெடுக்கும்போது பிழை திருத்திக்கொள்கின்றன, அதனால் ஒவ்வோர் எழுத்தாக மாறுவது மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் தோல் கழலை வைரஸ் சேர்ந்திருக்கும் அம்மை வைரஸ் குடும்பம் மாறுவதற்கு எழுத்துப் பிழையை மட்டும் நம்பி இருப்பதில்லை. தேவைப்பட்ட மரபணுவைப் பல நகல்களாகப் பெருக்கிக்கொள்ளும், தேவையில்லாததைத் தொலைக்கும், ஒரே செல்லுக்குள் இரண்டு உறவுக்கார வைரஸ்கள் மாட்டிக்கொண்டால் இதில் பாதி அதில் பாதி என்று வெட்டி ஒட்டிப் புதிதாக ஒன்றை உண்டாக்கும்.

பெருக்கிக்கொள்வதற்கு ஆய்வுக்கூடத்திலேயே சாட்சி இருக்கிறது. 2012இல் அமெரிக்க விஞ்ஞானிகள் நெல்ஸ் எல்டெ, ஹர்மித் மாலிக் முதலானோர், பெரியம்மைத் தடுப்பூசியில் பயன்பட்ட வாக்சினியா வைரஸின் ஆயுதமாக இருந்த ஒரு முக்கிய மரபணுவைப் பிடுங்கிவிட்டு மனிதச் செல்களில் வளர்த்தார்கள். பத்துத் தலைமுறை மாற்றி வளர்ப்பதற்குள் அது மிச்சமிருந்த இன்னொரு மரபணுவை அடுக்கடுக்காக நகலெடுத்துக் குவித்து, ஜீனோமையே நீட்டிக்கொண்டு, செல்லின் காவலை எண்ணிக்கையால் அமுக்கிவிட்டது. அத்தனை நகல்கள் இருப்பதால் ஏதோ ஒன்றில் நல்ல மாற்றம் தட்டுப்படும் வாய்ப்பும் கூடுகிறது. தட்டுப்பட்டுவிட்டால் மற்றவற்றைக் கழற்றிவிட்டு ஜீனோம் மறுபடி சுருங்கலாம். கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி விரிந்து சுருங்குகிற இந்த வேலையை, ஒரு சின்னத் துண்டை மட்டும் படிக்கும் சோதனை பார்க்கவே பார்க்காது. நகல் எண்ணிக்கை கூடினாலும் துண்டின் எழுத்துகள் அப்படியேதானே இருக்கும்.

சரி, வெட்டி ஒட்டும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் துறைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது இதுதான்.

2017இல் ரஷ்யாவின் சராத்தோவ் பகுதியில், கஜகஸ்தான் எல்லைப் பக்கம், தோல் கழலை வந்த மாட்டிலிருந்து ஒரு வைரஸ் எடுத்தார்கள். ஜீனோமின் ஒரு சின்னத் துண்டை மட்டும் பார்க்கும் வழக்கமான பிசிஆர் சோதனைகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசின. ஒரு மரபணுவைப் பார்த்தால் "இது நீத்லிங் (தோல் கழலைத் தடுப்பூசிகளில் பலவீனப்படுத்திப் போடும் திரிபு) தடுப்பூசி வைரஸ்" என்றது, இன்னொன்றைப் பார்த்தால் "இல்லை, காட்டுத் திரிபு", அதாவது வெளியில் தானாக உலவும் வைரஸ், என்றது. முழு ஜீனோமையும் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது: தடுப்பூசி வைரஸும், கென்யாவில் எடுத்த ஒரு திரிபைப் போன்ற ஒன்றும் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் வெட்டி ஒட்டப்பட்ட கலப்பு வைரஸ் அது. பலவீனப்படுத்திய தடுப்பூசி வைரஸின் துண்டுகளைச் சுமந்துகொண்டும் மாட்டுக்கு நோய் தந்தது. பூச்சி கடிக்காமலேயே மாட்டிலிருந்து மாட்டுக்குத் தொற்றியதைப் பின்னர் ரஷ்ய விஞ்ஞானிகள் சோதனையில் காட்டினார்கள். இதே மாதிரிக் கலப்பு வைரஸ்கள் 2019 முதல் சீனா, வியட்நாம், தைவான், தாய்லாந்து என்று கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் பரவின.

எங்கிருந்து வந்தது இது? ஊசி போட்ட மாட்டுக்குக் காட்டு வைரஸும் தொற்றி, மாட்டின் உடம்புக்குள் கலந்திருக்கும் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். 2022இல் பெல்ஜிய விஞ்ஞானிகள் தலைமையில், கென்யாவில் தயாரான ஒரு தடுப்பூசியின் பேட்சைப் படித்தபோது கதை மாறிவிட்டது. நீத்லிங் மட்டும் இருக்க வேண்டிய குப்பிக்குள் நீத்லிங்கை ஒத்தது, கென்யத் திரிபை ஒத்தது, வெள்ளாட்டு அம்மை வைரஸ், அவற்றின் கலப்புகள் எல்லாம் சேர்ந்து இருந்தன. மாட்டுக்குள் கலக்கவில்லை, தயாரிப்புக் கூடத்திலேயே கலந்துவிட்டது என்ற முடிவுக்குத்தான் அந்த ஆய்வு வந்தது. நோயைத் தடுக்கப் போட்ட ஊசியே ஒரு புது நோய் வைரஸைக் கண்டத்துக்குள் இறக்கிவிட்டது என்றுதான் இதற்குப் பொருள். விற்பதற்கு முன் அந்தப் பேட்சை ஒரே ஒரு முறை முழுசாகப் படித்திருந்தால் இது தெரிந்திருக்கும். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கவும் போவதில்லை.

இதற்கு முன்னாலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. மேலே சொன்ன அந்தக் கென்யத் திரிபையே ஆட்டு அம்மை வைரஸ் என்று பெயரிட்டு, அதிலிருந்து தடுப்பூசி செய்து, பல நாடுகளில் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திவந்தார்கள். பிறகு மரபணுவைப் பார்த்தால் அது ஆட்டு வைரஸே இல்லை, மாட்டின் தோல் கழலை வைரஸ்! குப்பியின் மேல் ஒட்டிய சீட்டு ஒன்று சொல்ல, உள்ளே இருந்தது வேறாக இருந்திருக்கிறது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2019இல் நோய் வந்தபோது நம்மிடம் மாட்டுக்கான தடுப்பூசி இல்லை, வெள்ளாட்டு அம்மைத் தடுப்பூசியைத்தான் மாடுகளுக்குப் போட்டோம், லட்சக்கணக்கில். இருக்கிறதை வைத்துச் செய்தது சரிதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். தோல் கழலை வைரஸின் ஜீனோம் ஏறத்தாழ 1,51,000 எழுத்து நீளம், அதில் 156 மரபணுக்கள். ஆட்டு அம்மை வைரஸ்கள் இதோடு கிட்டத்தட்ட 96, 97 சதவீதம் ஒத்துப்போகின்றன. அந்த ஒப்புமையால்தான் ஆட்டு ஊசி மாட்டுக்கு ஓரளவு வேலை செய்கிறது. அதே ஒப்புமைதான் இரண்டும் ஒரு செல்லில் சந்தித்தால் வெட்டி ஒட்டுவதையும் சுலபமாக்குகிறது. மாட்டு வைரஸில் முழுசாக இருந்து, ஆட்டு வைரஸ்களில் சிதைந்துபோன மரபணுக்கள் ஒன்பது உண்டு என்று 2002இலேயே கண்டார்கள். எந்த விலங்கைப் பிடிக்கும், எவ்வளவு கடுமையாகப் பிடிக்கும் என்பதில் இவற்றுக்குப் பங்கு இருக்கலாம் என்பது அப்போதிலிருந்து இருக்கும் கருத்து. நோய் ஊருக்குள் நுழைந்த பிறகு அலறியடித்து ஊசி போடும்போது, ஏற்கெனவே தொற்றி இன்னும் கழலை கிளம்பாத மாட்டுக்கும் உயிருள்ள ஆட்டு வைரஸை ஏற்றிவிடுகிறோம். கலப்பு நடந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நடந்ததா இல்லையா என்பதை இருபதோ முப்பதோ மாதிரிகளை வைத்துச் சொல்ல முடியாது என்கிறேன்.

அப்புறம் நம் சொந்தத் தடுப்பூசி. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையமும் இஸ்ஸத்நகர் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, ராஞ்சியில் 2019இல் எடுத்த வைரஸை வீரோ செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் குரங்குச் செல்கள்) ஐம்பது முறை மாற்றி மாற்றி வளர்த்துப் பலவீனப்படுத்தி உருவாக்கிய லம்பி புரோவாக் இன்ட், 2022 ஆகஸ்டில் வெளியானது. இது நமக்குப் பெருமைதான். அந்த ஐம்பது படிகளில் எந்த மரபணு போனது, எது மிஞ்சியது, பெருமளவில் தயாரிக்கும்போது மேலும் என்ன மாறுகிறது என்பதைப் பேட்ச் பேட்சாகப் பொதுவில் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். வயலில் ஒரு கழலையிலிருந்து எடுத்த வைரஸ் தடுப்பூசியிலிருந்து கிளம்பியதா வெளியிலிருந்து வந்ததா என்று மாவட்ட மருத்துவர் சொல்ல வேண்டுமானால், ஒப்பிட்டுப் பார்க்க மூலம் கையில் இருக்க வேண்டாமா?

இந்த மடலைப் பிடித்துக்கொண்டு யாராவது "பார்த்தீர்களா, ஊசியே ஆபத்து" என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடுவார்கள் என்ற பயம் எனக்கும் உண்டு, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஊசி போடுங்கள். தென்கிழக்கு ஐரோப்பாவில் 2016இல் 7,483 இடங்களில் கிளம்பிய நோய், நீத்லிங் தடுப்பூசியைப் பரவலாகப் போட்ட பிறகு 2017இல் 385 இடங்களாகக் குறைந்தது. கிட்டத்தட்ட 95 சதவீதம் சரிவு. சுத்தமான ஊசியைப் பெரும்பாலான மாடுகளுக்குப் போட்டால் இந்த நோய் மண்டியிடும். வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்து நாக்கில் தடவி, குப்பைமேனியும் வேப்பிலையும் மஞ்சளும் எண்ணெயில் காய்ச்சிப் புண்ணுக்குப் பூசுகிற நம் ஆட்கள் அதையும் செய்யட்டும், வந்த மாட்டுக்கு அது ஆறுதல். வராமல் தடுப்பது ஊசிதான். அந்த ஊசி மேல் விவசாயிக்கு நம்பிக்கை நிலைக்க வேண்டும் என்பதற்காகவே அதைத் திறந்து காட்டச் சொல்கிறேன்.

வைரஸ் எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு முயல்களின் கதை நல்ல பாடம். ஆஸ்திரேலியாவில் முயல் தொல்லையை ஒழிக்க 1950இல் மிக்சோமா என்ற அம்மை வைரஸை அவிழ்த்துவிட்டார்கள். தொடக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முயல்களுக்கு மேல் கொன்றது. சில ஆண்டுகளிலேயே கொஞ்சம் சாந்தமான திரிபுகள் மேலே வந்துவிட்டன, ஏனென்றால் முயல் சீக்கிரம் செத்துவிட்டால் கொசு கடித்துப் பரப்ப நேரமில்லை. முயல்களும் எதிர்ப்பு பெற்றன. ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஃபிராங்க் ஃபென்னர் இதை ஆண்டுக்கணக்கில் அளந்து எழுதினார், "நாளானால் கிருமி சாதுவாகிவிடும்" என்று பலரும் நம்பவும் இது காரணமானது. ஆனால் 1990களில் எடுத்த திரிபுகளைப் பிற்பாடு ஆய்வக முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தால், முயலின் எதிர்ப்பு மண்டலத்தையே சரித்து வேறு விதமாகக் கொல்லும் குணம் சிலவற்றுக்கு வந்திருந்தது. போதாக்குறைக்கு, 2018இல் ஸ்பெயினில் இதே வைரஸ், வேறொரு அம்மை வைரஸிலிருந்து ஏறத்தாழ 2,800 எழுத்துத் துண்டை வாங்கி ஒட்டிக்கொண்டு, அதுவரை பெரிதாகத் தொடாத காட்டு முயல் இனத்துக்குத் தாவியது. எழுபது ஆண்டு பழக்கமுள்ள வைரஸ் அது! தோல் கழலை நம் நாட்டுக்கு வந்து பத்து வருடம்கூட ஆகவில்லை. நம் சூழலும் சாதாரணமானதா? நாட்டு மாடு, கலப்பின மாடு, எருமை, வெள்ளாடு, செம்மறி எல்லாம் ஒரே தொழுவத்துப் பக்கம், கொசுவும் கடிக்கும் ஈயும் உண்ணியும் ஆண்டு முழுக்க, வாரச் சந்தைக்கு மாநிலம் விட்டு மாநிலம் லாரியில் போகும் மாடுகள்.

படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும். இதே அம்மை வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த குரங்கம்மை 2022இல் உலகெங்கும் பரவியபோது, அந்த வைரஸின் ஜீனோமில் ஒரு குறிப்பிட்ட வகை எழுத்து மாற்றம் வழக்கத்தைவிடப் பல மடங்கு குவிந்திருந்தது. மனித செல்லில் இருக்கும் ஒரு தற்காப்பு நொதி விட்டுப்போகும் தடம் அது. அந்தத் தடங்களை எண்ணிப் பார்த்துத்தான், இந்த வைரஸ் விலங்கிலிருந்து அவ்வப்போது தாவுவதோடு நிற்காமல் குறைந்தது 2016 முதலே மனிதருக்கு மனிதர் பரவிக்கொண்டிருந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஆறு வருடம், உலகம் கவனிக்காமல்! நைஜீரியாவில் 2017இலேயே மருத்துவர்கள் ஏதோ மாறியிருக்கிறது என்று சந்தேகப்பட்டார்கள். ஆனால் தொடர்ச்சியாகப் படிக்க அங்கே வசதியும் பணமும் இல்லை, பணம் இருந்த நாடுகளுக்கு அது யாருடைய பிரச்சினையாகவோ இருந்தது.

நமக்கு அந்தச் சாக்கும் இல்லை. கோவிட் காலத்தில், 2020 டிசம்பரில், இன்சாகாக் என்று ஆய்வுக்கூடங்களை ஒருங்கிணைத்து லட்சக்கணக்கில் ஜீனோம் படித்த நாடு இது. கருவிகள் இருக்கின்றன, படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், பலர் வேலையில்லாமலும் இருக்கிறார்கள். போபாலில் உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனம் இருக்கிறது, சென்னை மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன, ராணிப்பேட்டையில் 1932 முதல் தடுப்பூசி செய்துவரும் நிலையம் இருக்கிறது, தரவை வைக்க ஃபரீதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் இருக்கிறது. மாதிரி எடுப்பதும் பெரிய வித்தை இல்லை, உதிரும் பொருக்கிலேயே வைரஸ் ஏராளமாக இருக்கிறது, ஊர்க் கால்நடை ஆய்வாளரே எடுத்துவிடுவார். இல்லாதது ஒரு சுற்றறிக்கையும் அதற்கான நிதித் தலைப்பும்.

வெளியிட்டால் வர்த்தகம் கெடும் என்று உங்களில் சிலர் தயங்குவீர்கள். நோய் இருப்பது உலக விலங்கு நல அமைப்பின் பதிவில் ஏற்கெனவே இருக்கிறதே. வெளியிட்டால் வெளிநாட்டுக்காரன் நமக்கு முன் கட்டுரை எழுதிவிடுவான் என்ற தயக்கமும் உண்டு, இதை யாரும் எழுத்தில் சொல்வதில்லை. அதற்கு வழி இருக்கிறது: தரவைப் போட்டவர்களுக்கு முதல் கட்டுரை உரிமை என்று நிபந்தனை வைத்துப் போடுங்கள். கட்டுரை அச்சேறும்வரை தரவைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதால் உங்களுக்கு ஒரு மேற்கோள் எண்ணிக்கை கூடலாம். அதற்குள் மாட்டுக்காரர் அடுத்த மழைக்காலத்தையும் பார்த்துவிடுவார்.

பெரிய திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த தடுப்பூசி முகாமுக்கு முன் எல்லா மாவட்டங்களுக்கும் ஓர் உத்தரவு போடுங்கள்: ஊசி போட்ட பிறகும் கழலை வந்த மாடு ஒவ்வொன்றிலிருந்தும் பொருக்கு எடுத்து, ஊர், தேதி, ஊசியின் பெயர், பேட்ச் எண், போட்ட நாள், பக்கத்தில் ஆடு இருந்ததா என்ற விவரங்களை எழுதி, குளிர்பெட்டியில் மாதவரத்துக்கு அனுப்ப வேண்டும் என்று. மற்ற மாநிலங்களும் தத்தம் ஆய்வுக்கூடத்துக்கு அப்படியே அனுப்பட்டும். கலப்பு என்று ஒன்று நடந்திருந்தால் அது முதலில் தெரியப்போவது இந்த மாடுகளில்தான். இப்போது பல இடங்களில் இவற்றை "ஊசி பிடிக்கவில்லை" என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள்.

இதைச் செய்ய முடியாது என்றால் என்ன காரணத்தால் முடியாது என்பதையாவது பொதுவில் சொல்லுங்கள். நிதியா, ஆளா, அனுமதியா என்று தெரிந்தால் அடுத்த மடலை யாருக்கு எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
வைரஸ் ஜீனோம் படிக்கும் வேலையில் இருக்கும் ஒருவன்